ரெட்டரிக்: அணியா, சொல்வன்மையா?

'இதெல்லாம் வெறும் ரெட்டரிக்' என்று டிவி விவாதத்தில் ஒருவர் சொன்னால், எதிராளியின் பேச்சில் சரக்கு இல்லை என்று அர்த்தம். இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. கிரேக்கத்தில் 'ரெட்டோர்' என்றால் மக்கள் மன்றத்தில் எழுந்து பேசுபவர். அவருடைய கலை 'ரெட்டோரிகே'. பிளேட்டோ தன் 'கோர்கியாஸ்' உரையாடலில் அதைச் சமையல் கைப்பக்குவத்தோடு சேர்த்து மட்டம் தட்டினார். நாக்குக்கு ருசி, உடம்புக்கு நல்லதா என்று கேட்கக் கூடாது! அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில்தான் அதற்கு மரியாதை தேடிக் கொடுத்தார். எந்த விஷயத்திலும் கேட்பவரை இணங்கச் செய்ய என்னென்ன வழிகள் உண்டு என்று கண்டறியும் திறன் அது என்றார். பேசுபவரின் தகுதி (ஈத்தோஸ்), கேட்பவரின் உணர்ச்சி (பேத்தோஸ்), வாதத்தின் நியாயம் (லோகோஸ்) என மூன்று வழிகளையும் காட்டினார்.

இந்த மூன்றும் ஒரே இடத்தில் வேலை செய்வதைப் பார்க்க, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங், அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைப் படிக்கலாம். 1963 ஏப்ரல் 12 அன்று, நீதிமன்றத் தடையை மீறி ஊர்வலம் போனதற்காக அவரைக் கைது செய்தார்கள். நிறப் பாகுபாட்டுக்கு எதிரான அந்தப் போராட்டம் அவசரப்பட்டது, விவேகமற்றது என்று அலபாமாவின் வெள்ளையின மதகுருமார் எட்டுப் பேர் அறிக்கை விட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கிய கடிதம் இது. தேதி ஏப்ரல் 16.

அந்த எட்டுப் பேரில் கத்தோலிக்கரும் உண்டு, புராட்டஸ்டண்டுகளும் உண்டு, ஒரு யூத ரபியும் உண்டு. அநீதியான சட்டம் எது என்று விளக்கும்போது கிங் யாரை மேற்கோள் காட்டுகிறார் பாருங்கள்: கத்தோலிக்கர் போற்றும் அக்வினாஸ், யூதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர், புராட்டஸ்டண்ட் இறையியலாளர் பால் டில்லிக். அவரவர் வீட்டுப் பெரியவரையே சாட்சிக்கு அழைத்து வருகிறார். பெரும்பான்மை தன்னைக் கட்டுப்படுத்தாத ஒரு சட்டத்தைச் சிறுபான்மை மீது மட்டும் திணித்தால் அது அநீதி என்ற வாதமும் அங்கேதான் வருகிறது. இதில் அலங்காரம் எதுவும் இல்லை, எலும்பும் நரம்புமாக வாதம்தான்.

'கொஞ்சம் பொறுங்கள்' என்பவர்களுக்கு அவர் தரும் பதில் வேறு ரகம். 340 ஆண்டுகளுக்கு மேல் பொறுத்துவிட்டோம் என்று தொடங்கி, 300 சொற்களுக்கு மேல் நீளும் ஒரே வாக்கியத்தை எழுதுகிறார். கும்பல் கொலைகள், போலீஸ் வன்முறை, கேளிக்கைப் பூங்காவுக்குள் கறுப்புக் குழந்தைகளை விடமாட்டார்கள் என்று ஆறு வயது மகளிடம் சொல்ல முடியாமல் தடுமாறும் அப்பா என்று 'நீங்கள் இதைப் பார்க்கும்போது', 'இதை அனுபவிக்கும்போது' எனத் துணை வாக்கியங்கள் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கின்றன. முடிவு கிட்டாமல் படிப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை வாக்கியமே செய்து காட்டிவிடுகிறது. கடிதத்தின் உச்சம் இதுதான் என்பேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அணியிலக்கணம்' என்று சிலர் எழுதுகிறார்கள். சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பின்வருநிலையணி என்று அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் வகைப்படுத்தும், உண்மைதான். ஆனால் அணி செய்யுளின் அழகைப் பற்றியது. எதிரில் இருப்பவரை இணங்க வைப்பது அதன் கவலை இல்லை. 'நாவன்மை' நல்ல சொல்தான், என்றாலும் நாவோடு நின்றுவிடுகிறது, கடிதத்துக்குப் பொருந்தாது.

என் தேர்வு 'சொல்வன்மை'. திருக்குறளின் 65ஆம் அதிகாரத்துக்கே அதுதான் பெயர். 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்' என்ற குறள், நம் பக்கம் இல்லாதவரையும் கணக்கில் எடுக்கிறது. 'கேளார்' என்பதற்குப் பரிமேலழகர் பகைவர் என்றே உரை சொல்கிறார். அரிஸ்டாட்டில் சொன்னதற்கு இதைவிட நெருக்கமாக வேறென்ன வேண்டும்? 'வன்மை' என்றதும் வன்முறை நினைவுக்கு வருகிறது என்பவர்கள் 'வல்லவன்' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளலாம், வேர் ஒன்றுதான்.

இலக்கிய ஆய்வில் 'சொல்வன்மை உத்திகள்' என்று எழுதலாம். ரெட்டரிக்கல் கொஸ்டின் என்பதை 'விடை வேண்டா வினா' என்றால் போதும். அப்புறம், டிவி விவாதத்தில் சொல்லும் அந்த 'வெறும் ரெட்டரிக்'குக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை, வாய்ச்சவடால் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.