நித்தியகல்யாணி இலையும் கொழுப்புக் குமிழும்

எங்கள் புளோக்கில் ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தில் ஒரு நித்தியகல்யாணி நிற்கிறது. யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று தெரியாது, வருஷம் முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும். போன வாரம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதன் இலைகளைப் பறித்துக்கொண்டிருந்தார். "தம்பி, இதக் கொதிக்கவச்சுக் குடிச்சா புற்றுநோய் போயிடுமாமே? தங்கச்சிக்குத்தான்."

"கொடுத்துடாதீங்க ஆன்ட்டி, விஷம்" என்றேன். ஆனால் அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முழுசாகச் சொல்லவேண்டும் என்று அப்போதே தோன்றியது.

மடகாஸ்கரிலிருந்து வந்த செடி இது. நாட்டு வைத்தியத்தில் சர்க்கரை நோய்க்குக் கொடுத்தார்கள். அது சரிதானா என்று 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் இருவரும் எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! அந்தத் தடத்தில் வின்பிளாஸ்டின், பிறகு வின்கிரிஸ்டின் என்ற மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டினை இன்றும் ஊசியாகக் கொடுக்கிறார்கள்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்க நுண்ணிய இழைகள் உருவாகும். வின்கிரிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவிடாது. சிக்கல் என்னவென்றால் நரம்புக்கும் அதே இழைகள் வேண்டும். அதனால்தான் கை கால் மரத்துப்போகிறது. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டமாட்டார்கள். கொதிக்கவைத்த இலைச்சாற்றில் எத்தனை மில்லிகிராம் இருக்கும் என்று யார் அளப்பது? அந்தச் செடியில் ஆல்கலாய்டுகள் என்ற வீரியமான வேதிப்பொருள்கள் நூறுக்கும் மேல் வேறு இருக்கின்றன.

மருந்தை உள்ளே அடைத்து எடுத்துப்போக ஒரு வண்டி இருந்தால்? அதுதான் லிப்போசோம், நுண்ணிய கொழுப்புக் குமிழ். 1960-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் அருகே அலெக் பாங்கம் என்ற விஞ்ஞானி கண்டது. முட்டை மஞ்சள் கருவிலும் சோயாவிலும் இருக்கும் லெசித்தின் என்ற கொழுப்புக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, வெறுக்கும் வால் இரண்டு. தண்ணீரில் விட்டால் வால்கள் ஒன்றையொன்று பார்த்து ஒளிந்துகொள்ள, தலைகள் இருபக்கமும் வெளியே நிற்க, இரட்டைச் சுவருள்ள குமிழ் தானாக உருவாகும். நம் செல்களின் சவ்வும் அப்படித்தான்.

ஆய்வகத்தில் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமினை இதில் அடைப்பதைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. குர்க்குமின் தண்ணீரில் கரையாது, மஞ்சள்தூள் டம்ளர் அடியில் தங்குவதுபோலத் தங்கிவிடும். எனவே அதையும் லெசித்தினையும் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே ஆவியாக்குவார்கள். கண்ணாடியில் மஞ்சள் படலம் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரை ஊற்றியதும் படலம் ஊறி, உரிந்து, மஞ்சள் பாலாகக் கலங்கும். அதை 100 நானோமீட்டர் துளைகள் வழியே பலமுறை அழுத்தித் தள்ளினால் குமிழ்கள் ஏறக்குறைய ஒரே அளவாகும். ஒரு சிவப்பணுவின் குறுக்கே எழுபதை வரிசையாக நிறுத்தலாம். குர்க்குமின் சுவருக்குள் வால்களோடு தங்கும்.

வின்கிரிஸ்டினுக்கு வேறு தந்திரம். குமிழின் உள்ளே அமிலம், வெளியே அமிலம் குறைவு. வெளியில் மின்னூட்டமில்லாத மூலக்கூறு சுவரைக் கடந்து உள்ளே போகும். போனதும் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும், மின்னூட்டம் வந்துவிட்டதால் திரும்ப வெளியேற முடியாது. வின்கிரிஸ்டினை இப்படி அடைத்த மார்கிபோ என்ற மருந்துக்கு இதை மருத்துவமனை மருந்தகத்திலேயே, ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் வைத்துச் செய்தார்கள். அப்புறம் மருந்து மெதுவாகக் கசியும். சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், கண் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து, இந்த மெதுவான கசிவை நம்பித்தான் கண் அழுத்த நோய்க்கான மருந்தை லிப்போசோமில் அடைத்தார்கள்.

புற்றுநோய்க் கட்டியின் ரத்தக் குழாய்கள் ஓட்டையானவை, பெரிய மூலக்கூறுகள் அங்கே நழுவித் தேங்கும் என்று 1986-இல் ஜப்பானியர்களான மட்சுமுராவும் மயேடாவும் காட்டினார்கள். குமிழ்களும் அப்படியே தேங்கும் என்று எதிர்பார்த்தார்கள். பலரும் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். 2016-இல் பல ஆண்டு விலங்காய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய நானோ துகள்களில் (லிப்போசோம் போன்ற நுண்துகள்கள்) கட்டியை எட்டியதன் இடைநிலை அளவு 0.7 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. தட்டில் வளர்த்த செல்களைக் குர்க்குமின் கொல்வது வேறு, ஆளைக் குணப்படுத்துவது வேறு. மார்கிபோவுக்கு அமெரிக்கா 2012-இல் தந்த அங்கீகாரம்கூட 2022-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

நிலைத்த ஒன்று இருக்கிறது. கேம்ப்டோதெக்கா என்ற சீன மரத்தின் வேதிப்பொருளிலிருந்து வந்த இரினோடெக்கானை லிப்போசோமில் அடைத்த ஓனிவைட். கணையப் புற்றுநோய் முற்றிப்போய், முந்தைய மருந்தும் கைவிட்டவர்களிடம் சோதித்தார்கள். வழக்கமான மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 4.2 மாதம், ஓனிவைட்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 6.1 மாதம்.

சாயந்திரம் ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டி இதையெல்லாம் சொன்னேன். கீமோ நடக்கும்போது எந்தக் கஷாயம், மாத்திரை என்றாலும் முதலில் டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். இலைகளைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து கேட்டார்: "ரசத்துல மஞ்சள் போடலாம்ல?"

"தாராளமா போடுங்க ஆன்ட்டி."