ஃப்ரிட்ஜின் குழாய்க்குள் புகுந்த தண்ணீர்

“தம்பி, சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடுது. ராத்திரி மாவு வச்சா காலையில புளிச்சுப் பொங்கி வழியுது. ரெண்டு மணி நேரம் ஆஃப் பண்ணிப் போட்டா மறுபடியும் கூலிங் வருது. இது என்ன கோளாறு?”

கடலூர் முதுநகரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அக்கா போனில் கேட்டார். கூலிங் இல்லாத நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். நிற்காமல் ஓடுகிறது என்றார். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கேஸ் குறைந்துபோன ஃப்ரிட்ஜை ஆஃப் செய்து வைத்தால் அது தேறாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்போது கூலிங் நின்று, ஆறப்போட்டால் திரும்பி வருகிறது என்றால், கேஸ் ஓடும் குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

போய்ப் பார்த்தேன். ஃப்ரீசரில் பனியே இல்லை. கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டாரான கம்ப்ரஸர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஃப்ரீசர் பெட்டியின் பின்பக்கம் கேப்பிலரி (கேஸ் வரும் மெல்லிய குழாய்) வந்து சேரும் இடத்தில் சுற்றிப் பிடித்தேன். அக்காவையும் காது கொடுத்துக் கேட்கச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ‘உஸ்ஸ்ஸ்’ என்று கேஸ் பாய்கிற சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஃப்ரீசர் தகட்டில் வெள்ளையாகப் பனி பூக்கத் தொடங்கியது. அடைத்திருந்தது குப்பையாக இருந்தால் வெந்நீருக்கு அசைந்திருக்காது. அது ஐஸ். (இந்தச் சோதனைக்கு லைட்டரோ வெல்டிங் டார்ச்சோ வேண்டவே வேண்டாம். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸ் மாதிரி தீப்பிடிக்கும்.)

கேப்பிலரியின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் வழியாகத் திரவமாக வரும் கேஸ், ஃப்ரீசர் பெட்டிக்குள் நுழைந்ததும் கொதித்து ஆவியாகி மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகிறது. கூடவே வரும் தண்ணீர் அந்த வாயிலிலேயே உறைகிறது. அந்தத் துளையை அடைக்க ஒரு சொட்டுகூட வேண்டாம். அடைத்ததும் கூலிங் நிற்கும், ஃப்ரீசர் சூடேறும், ஐஸ் உருகும், வழி திறக்கும். அப்புறம் மறுபடி அதே கதை. இதை நாங்கள் மாய்ஸ்சர் சோக் என்போம்.

சரி, மூடி வெல்டிங் செய்த குழாய்க்குள் தண்ணீர் எப்படிப் போனது? அக்கா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். மூன்று வாரம் முன்பு ஃப்ரீசரில் பால் பாக்கெட் ஐஸோடு ஒட்டிக்கொண்டது. கத்தியால் நெம்பினார். புஸ் என்று ஒரு சத்தம். பயந்து கதவைச் சாத்திவிட்டார், சுவிட்சை அணைக்கவில்லை. மறுநாள் ஒரு மெக்கானிக் வந்து ஓட்டையைப் பசை வைத்து அடைத்து, கேஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் கொண்டு வந்தாரா என்று கேட்டேன். சிலிண்டர் மட்டும்தான் கொண்டு வந்ததாகச் சொன்னார்.

பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. ஆர்600ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 11.7 டிகிரியில் கொதிக்கும். ஃப்ரீசர் மைனஸ் 25 வரை போக வேண்டுமானால், அந்தத் தகட்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் இருக்கும். அதாவது ஃப்ரிட்ஜ் ஓடும்போது அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். ஓட்டை விழுந்தால் கேஸ் கொஞ்சம் வெளியே வரும். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தால், சுற்றி இருக்கும் ஈரக் காற்றையும், உருகி வழியும் ஐஸ் தண்ணீரையும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போல உள்ளே இழுத்துவிடும். அக்கா வீட்டில் அன்று ராத்திரி முழுக்க நடந்தது இதுதான்.

அதனால் கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்க்ரூடிரைவர் எதையும் ஃப்ரீசருக்குள் கொண்டு போகாதீர்கள். அந்தப் பெட்டி இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒட்டி, நடுவில் கேஸ் ஓட வாய்க்கால் விட்டுச் செய்தது. கெட்டிப் பாத்திரம் போல நினைத்துவிடக் கூடாது. ஃப்ரிட்ஜை ஆஃப் செய்து, ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக் கதவைத் திறந்து விட்டால் அரை மணி நேரத்தில் ஐஸ் தானாகக் கழன்று வரும். தவறிக் குத்திவிட்டீர்களா? முதலில் அடுப்பை அணையுங்கள், ஜன்னலைத் திறந்து விடுங்கள், அடுத்து ஃப்ரிட்ஜை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஓட விடாமல் உடனே நிறுத்திய ஃப்ரிட்ஜுக்கு மிச்ச வேலை ரொம்பக் குறைவு.

ஐஸ் அடைப்பு வெளியே தெரிகிற தொல்லை. தெரியாமல் நடப்பது அதைவிட மோசம். தண்ணீரும் கேஸும் எண்ணெயும் கம்ப்ரஸரின் சூட்டில் சேர்ந்து வேகும்போது அமிலம் உருவாகிறது. அது மோட்டார் வைண்டிங்கின் (கம்பிச் சுருளின்) மேல்பூச்சை அரிக்கும், செம்பைக் கரைத்து பேரிங் மேல் முலாம் போல ஏற்றிவிடும். ஆர்134ஏ என்ற கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜிலும், ஆர்410ஏ என்ற கேஸில் ஓடும் ஏசியிலும் ஊற்றும் எஸ்டர் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும் ரகம். ஈரத்தைத் தனக்குள் கரைத்துக்கொண்டு பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், உள்ளே அமிலமாகிக்கொண்டிருக்கும். ஆர்600ஏ கம்ப்ரஸரில் பெரும்பாலும் மினரல் எண்ணெய் என்பதால் மறைக்காமல் காட்டிவிடும். அக்காவின் கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்தேன். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துப்போய் வந்தது. அடியில் துரு நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் தனியாக நின்றது. காப்பாற்றிவிடலாம் என்று வந்தவன், கம்ப்ரஸரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மூன்று வாரம் முன்பே முறையாகச் செய்திருந்தால் செலவு ஃப்ரீசர் பெட்டியோடு போயிருக்கும்.

ஏசி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புது வீட்டில் காப்பர் பைப் இழுத்துவிட்டு, இரண்டு முனையையும் டேப் சுற்றாமல் விட்டுவிடுகிறார்கள். கடற்கரை ஊர்களின் காற்று அதற்குள் மாதக் கணக்கில் போய் வருகிறது, சில இடங்களில் மழைத் தண்ணீரே இறங்கியிருக்கும். பிறகு ஏசி மாட்டும் நாளில் வேக்கம் போடாமல், வெளியே வைக்கும் அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு “காற்றைத் தள்ளிட்டேன் சார்” என்பார்கள். காற்றில் ஒரு பகுதி போகும். சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் போகாது. மாட்ட வருபவரிடம் வேக்கம் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், நஷ்டமில்லை.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் எங்கள் பக்கம் புகுந்தபோது, “ஃப்ரிட்ஜ் முங்கிடுச்சு, உள்ளே தண்ணி போயிருக்குமா?” என்று நிறையப் பேர் கேட்டார்கள். குழாய் உடையாமல் இருந்தால் கேஸ் பக்கம் ஒரு சொட்டும் போகாது. நனைவது ரிலே, ஓவர்லோடு, ஒயரிங், பின்னால் இருக்கும் ஃபோம். அவை காய்ந்து, ஒருவர் மின்கசிவு பார்க்கும் மெக்கர் வைத்துச் சோதிக்கும் வரை சுவிட்ச் போடக் கூடாது. அங்கே ஆபத்து ஷாக்.

தண்ணீர் போன குழாயை உலர்த்துவது நாள் முழுக்க ஆகிற வேலை. கேஸைத் திறந்த வெளியில் வெளியேற்றி, நைட்ரஜன் ஓடவிட்ட பிறகுதான் டார்ச்சையே பற்றவைத்தேன். கண்டன்சரை (சூட்டை வெளியே விடும் வளைகுழாயை) தனியாகப் பிரித்து நைட்ரஜன் அடித்து, மறுமுனையில் ஒரு நியூஸ்பேப்பரைப் பிடித்தேன். பொட்டுப் பொட்டாக ஈரம் விழுந்தது. பேப்பர் காய்ந்தே வரும் வரை அடித்தேன். கேப்பிலரியை மாற்றினேன். புது ஃப்ரீசர் பெட்டி, புது கம்ப்ரஸர், கடைசியாகப் புது ஃபில்டர். ஃபில்டரின் மூடியை முதலிலேயே திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் மணிகள் ஈரத்தை இழுப்பதற்கென்றே இருப்பவை. திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரத்திலேயே நிரம்பிவிடும்.

அப்புறம் வேக்கம். கேப்பிலரி வழியாக மட்டும் கண்டன்சர் பக்கத்தை உறிஞ்சி முடிக்க முடியாது என்பதால், ஃபில்டர் பக்கமும் கம்ப்ரஸர் பக்கமும் சேர்த்துப் போட்டேன். சாதா கேஜில் இரண்டே நிமிடத்தில் முள் மைனஸ் 30க்கு (அங்குலப் பாதரசக் கணக்கில்) போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பம்ப்பை நிறுத்துபவர்கள்தான் அதிகம். 30 டிகிரி வெயிலில் தண்ணீர் கொதித்து ஆவியாக, அழுத்தம் 760 மில்லிமீட்டரிலிருந்து 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும். முள் அடியைத் தொட்ட பிறகுதான் உலர்வதே தொடங்குகிறது. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று காட்ட மைக்ரான் கேஜ் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரான். நான் எதிர்பார்ப்பது 500க்குக் கீழே.

முதல் தடவை 4500 பக்கம் வந்து எண் அசையாமல் நின்றது. அந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 4.6 மில்லிமீட்டரில் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைகிறது. எங்கோ ஒரு வளைவில் மிச்சம் இருந்த சொட்டு, ஆவியாகும் வேகத்தில் தானே குளிர்ந்து ஐஸாகிவிட்டது என்று அர்த்தம். பம்ப்பை எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் ஐஸ் மெதுவாகத்தான் கரையும். அதனால் வால்வை மூடி, உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டு வேக்கத்தை உடைத்தேன். கண்டன்சரின் கீழ் வளைவுகளை ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு வரை சூடாக்கினேன். பம்ப்பின் எண்ணெயே மங்கலாகிவிட்டதால் அதையும் மாற்றினேன். மறுபடி வேக்கம், மறுபடி நைட்ரஜன், மூன்றாவது முறை 400. வால்வை மூடி 15 நிமிடம் காத்திருந்தேன். லீக் இருந்தால் எண் ஏறிக்கொண்டே போகும். ஈரம் மிச்சம் இருந்தால் சில ஆயிரம் வரை ஏறி ஓரிடத்தில் நிற்கும். 460ல் நின்றது.

சில பேர் இவ்வளவு பாடுபடாமல் குழாய்க்குள் கொஞ்சம் மெத்தனால் ஊற்றிவிடுவார்கள். ஐஸ் கட்டாது, உண்மைதான். ஆனால் தண்ணீர் உள்ளேயே இருக்கும், மெத்தனால் அலுமினியப் பெட்டியை அரிக்கும், ஃபில்டரின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கஸ்டமருக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வந்ததில்லை.

ஸ்டிக்கரில் போட்டிருந்தபடி 42 கிராம் கேஸைத் தராசில் வைத்து ஏற்றினேன். இருட்டிவிட்டது. ஃப்ரீசர் தகட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே சீராகப் பனி பரவும் வரை உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு தூக்கு மாவை உள்ளே வைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன்: “மாவு வச்ச மாதிரியே இருக்கு தம்பி.”