லின்ட்: கோப்பைக் கொழித்தல்

மென்பொருள் தமிழாக்கத்தில் கைவைத்தவர்களிடம் 'லின்ட் ஓட்டிப் பார்த்தீங்களா?' என்ற கேள்வி அடிக்கடி வரும். லின்ட் என்றால் துணியிலிருந்து உதிரும் பிசிறு. ஆளிச்செடிக்கு லத்தீனில் 'லீனும்' என்று பெயர். அதன் நாரில் நெய்த லினன் துணியும், அந்தத் துணியைச் சுரண்டிக் காயத்துக்கு வைத்துக் கட்டிய லின்ட்டும் ஒரே வேர். 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீஃபன் ஜோன்சன், சி மொழி நிரல்களில் ஐயத்துக்கிடமான வரிகளைச் சுட்டும் நிரல் ஒன்றை எழுதி அதற்கு இந்தப் பெயரை வைத்தார். 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு அது வெளியே பரவியது. அப்புறம், கோப்பைத் தானாக மேய்ந்து குறை சொல்லும் கருவி எல்லாமே லின்ட் ஆகிவிட்டது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் என்ன பிசிறு? கிளிநொச்சியில் நெல் களஞ்சியக் கணக்குச் செயலி ஒன்றைத் தமிழாக்கியபோது நான் பட்டதைச் சொல்கிறேன். ஆங்கில வரியில் முதலில் மூடைகளின் எண்ணிக்கை, பிறகு களஞ்சியத்தின் பெயர். இரண்டுக்கும் ஒவ்வோர் இடக்குறி, அதாவது செயலி ஓடும்போது உண்மையான எண்ணோ பெயரோ வந்து உட்காரும் இடத்தைக் காட்டும் குறி. தமிழில் இது தலைகீழ்: 'பரந்தன் களஞ்சியத்திலிருந்து 5 மூடை எடுக்கப்பட்டது.' நானும் குறிகளை இடம் மாற்றிவிட்டேன். செயலிக்கு அது தெரியுமா? அது முதலில் எண்ணைத்தான் நீட்டும். பெயர் வரவேண்டிய இடத்தில் 5 வந்ததும் செயலி படுத்துவிட்டது. குறிகளுக்கு 1, 2 என்று இலக்கம் இட்டிருந்தால் போதும். வாசிக்கிற கண்ணுக்கு வரி அழகாகத்தான் இருந்தது. மொழிபெயர்ப்புக் கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவித்தொகுப்பில் உள்ள எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளையைச் சரிபார்ப்புத் தெரிவோடு ஓட்டியிருந்தால் வரி எண்ணோடு காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் 'திற' என்று வரவேண்டிய பொத்தானில் 'திறந்துள்ளது' என்று எழுதினால் அது வாயே திறக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பிழைதிருத்தி' பொருந்தாது, லின்ட் எதையும் திருத்துவதில்லை. 'பிசிறுநீக்கி'க்கும் அதே குறை. அகப்படும் பிழைக்குப் 'பிசிறு' நல்ல சொல். 'பிசிறில்லாத வேலை' என்று ஏற்கெனவே சொல்கிறோம்தானே. செயலுக்கு எங்கள் வன்னி வீடுகளில் வேறொரு சொல் இருக்கிறது. சுளகில் புடைத்தால் பதர் பறந்துவிடும். கொழித்தால் எதுவும் பறக்காது. கல்லும் குறுணலும் ஒரு பக்கமாக ஒதுங்கும். 'கொழிச்சுப்போட்டுப் பொறுக்கு பிள்ளை' என்பார் அம்மம்மா. ஒதுக்குவது சுளகு, பொறுக்குவது கை. போஃபில்டர் என்ற கருவி அச்சொட்டாக இதைத்தான் செய்கிறது: ஐயமான வரிகளை மட்டும் தனிக் கோப்பில் ஒதுக்கித் தரும், திருத்துவது நாம். ஆகவே என் தெரிவு கொழித்தல், கருவிக்குக் கொழிப்பி.

ஒரு சிக்கல் உண்டு. செழித்துப் பெருகுவதும் கொழித்தல்தான். 'கோப்பைக் கொழி' என்றால் வேலை. 'கோப்பில் பிழை கொழிக்கிறது' என்றால் எனக்கு இன்றைய நித்திரை போச்சு.