காலைல 11 மணிக்கு கூலிக்காரங்க சந்துல தமட்டை அடிக்காதீங்க

போன வாரம் ஒரு புது வேட்பாளரோட எங்க பக்கத்து ஏரியாவுல நடந்தேன். செவ்வாய்க்கிழமை, காலைல 11 மணி. முன்னாடி தமட்டை மேளம் அடிக்கற செட்டு, பின்னாடி சால்வை போட்ட 50, 60 பேர், நடுவுல மாலையோட இவர். ஷீட் வீடுங்க வரிசையா இருக்கற சந்து அது, ஒரு வாசல்ல நின்னு கை நீட்டினா எதிர் வீட்டு கதவைத் தொட்டுடலாம், அதுக்குள்ள அத்தனை தமட்டையும் ஒண்ணா அடிச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. பாதி கதவுல பூட்டு தொங்குது. ஒரு பாட்டி ரெண்டு பேரப்புள்ளைங்களை வச்சுகிட்டு வாசப்படில உட்கார்ந்திருந்தாங்க. நாலாவது வீட்டு கதவு திறந்துச்சு, ஒரு அண்ணன் லுங்கிய இழுத்துக் கட்டிகிட்டே வந்தார், கண்ணு ரெண்டும் செவந்து போய் கிடக்கு, அவர் பின்னாடி ஆணில செக்யூரிட்டி யூனிஃபார்ம் சட்டை தொங்குது. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்து ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது. ஒண்ணும் சொல்லல. கைய கூப்பினார், நோட்டீஸ வாங்கினார், கதவை சாத்திகிட்டார்.

சந்தை விட்டு வெளிய வந்ததும் வேட்பாளர் என்கிட்ட சொல்றார், "இந்த ஜனங்களுக்கு அரசியல்ல இன்ட்ரஸ்டே இல்லம்மா, கடைசி நாள் காசு குடுத்தா தான் வேலைக்காகும்."

18 வருஷமா பெங்களூருல பூத் வேலை பார்க்கறேன், வேற வேற கட்சி ஆளுங்களுக்கும் சுயேச்சைக்கும் பார்த்திருக்கேன், இந்த ஒரு வார்த்தைய எத்தனை பேர் வாயில கேட்டாச்சு. இனிமே கேட்க முடியாதுப்பா. அதனால தான் உட்கார்ந்து எழுதறேன். வார்டு எல்லாம் புதுசா பிரிச்சு, கார்ப்பரேஷனை அஞ்சாக்கி, எந்தத் தெரு எந்த வார்டுன்னே ஜனங்களுக்கு குழப்பமா இருக்கற இந்த நேரத்துல புதுசா நிக்கப் போறவங்க நிறைய பேர், அவங்க யாராவது படிச்சா நல்லது.

முதல்ல நேரம். அந்த சந்துல யாரு எப்ப வீட்டுல இருப்பாங்கன்னு ஒரு நாள் போய் டீக்கடைல உட்கார்ந்து பார்த்தா போதும். தெரு கூட்டற அக்காங்க விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாங்க. அபார்ட்மென்ட்ல வீட்டு வேலை செய்யறவங்க 6, 6.30க்கு. கட்டட வேலைக்காரங்க மேஸ்திரி வர்ற சர்க்கிள்ல போய் நிக்கணும், லேட்டானா அன்னைக்கு கூலி போச்சு. கார்மென்ட்ஸ் பொண்ணுங்க 8 மணிக்கு டெம்போ பிடிக்கணும், உள்ள போனா மணிக்கு இத்தனை பீஸ்னு டார்கெட், சாயங்காலம் வந்து காய் வாங்கி சமைச்சு பசங்களுக்கு போட்டு நிமிர்ந்தா 8 மணி. இதுக்கு நடுவுல ரெண்டு நாளைக்கு ஒரு தடவையோ மூணு நாளைக்கு ஒரு தடவையோ காவேரி தண்ணி வரும், அதுவும் எந்நேரத்துக்கு வரும்னு வால்வ்மேனுக்கு தான் வெளிச்சம். உழைக்கற ஜனங்ககிட்ட காசை விட கம்மியா இருக்கறது நேரம் தான். அந்த நேரத்தை மதிக்கற ஆளை அவங்க மதிப்பாங்க. நேரத்தை வீணாக்கறவன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் அவங்களுக்கு தொந்தரவு தான். தலைவர் வர்றார்னு 3 மணிக்கு மைதானத்துல உட்கார வச்சுட்டு 7 மணிக்கு மேடை ஏறுறீங்களே, அந்த நாலு மணி நேரம் அந்த அம்மாவுக்கு அரை நாள் கூலி. பிரியாணி பொட்டலம் குடுத்து அதை ஈடுகட்ட முடியாது.

சரி, இப்ப அந்த காசு விஷயம். இதை நல்லா விளக்கமாவே சொல்றேன், ஏன்னா புதுசா வர்ற ஒவ்வொரு வேட்பாளரும் இங்க தான் வந்து விழறாங்க.

காசு வாங்கிட்டு ஓட்டு போடறாங்கன்னு நீங்க நினைக்கறீங்க. களத்துல நடக்கறது வேற. ஒரு வீட்டுக்கு மூணு பக்கத்துலேர்ந்தும் கவர் வருது, மூணையும் வாங்கிக்கறாங்க, ஓட்டு ஒருத்தருக்கு தானே போட முடியும்? அப்ப அந்த ஒருத்தர் யாருன்னு முடிவு பண்ணினது எது? காசா இருந்தா அதிகமா குடுத்தவன் எல்லா பூத்துலயும் ஜெயிச்சிருக்கணும். நானே பார்த்திருக்கேன், தண்ணியா செலவு பண்ணின ஆளுக்கு அவர் பணம் குடுத்த பூத்துலயே டெபாசிட் அளவுக்கு கூட ஓட்டு விழல. ஓட்டு எண்ணி முடிச்சதும் பூத் வாரியா கணக்கு வரும் இல்ல, அந்த ஷீட்டை கையில வச்சுகிட்டு தெருவுல போய் கேட்டுப் பாருங்க. "அவரு குடுத்தாரு, வாங்கினோம். ஆனா எங்க பையனை போலீஸ் புடிச்சுட்டு போன அன்னைக்கு ஸ்டேஷனுக்கு வந்தது இவரு தானே"ன்னு சொல்வாங்க. பிரசவத்துக்கு ஆட்டோ அனுப்பினது யாரு, ராத்திரி 1 மணிக்கு போனை எடுத்தது யாரு, சாக்கடை பொங்கி வீட்டுக்குள்ள வந்தப்ப முட்டி வரைக்கும் பேன்ட்டை மடிச்சுகிட்டு வந்து நின்னது யாரு, இதெல்லாம் அஞ்சு வருஷம் கணக்கா எழுதி வச்ச மாதிரி ஞாபகம் வச்சிருப்பாங்க. காசுங்கறது அவங்க கண்ணுல நீங்க ஜெயிச்ச பிறகு எப்படியும் வர மாட்டீங்க, இன்னைக்கு வர்றதையாவது வாங்கிக்கலாம்ங்கற கணக்கு. அவங்க வாங்கறது உங்க மேல நம்பிக்கை இல்லாததுக்கு அத்தாட்சி. அதை பாசம்னு எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணு, நீங்க 100 ரூபா அனுப்பினா தெருவுக்கு வந்து சேரும்போது அது எவ்வளவா இருக்கும்னு உங்க கூட சுத்தற ஆளுங்களைக் கேளுங்க, சொல்ல மாட்டாங்க. குடுத்த வீடு, குடுக்காத வீடுன்னு தெருவுக்குள்ள சண்டை வேற. சட்டப்படி குடுக்கறதும் குற்றம், வாங்கறதும் குற்றம், நிரூபிச்சாங்கன்னா நீங்க ஜெயிச்சதே செல்லாம போயிடும். இவ்வளவும் தெரிஞ்சும் மறுபடி மறுபடி அதையே பண்றாங்க, ஏன்னா தெருவுல நின்னு பேசறதை விட கவர் அனுப்பறது சுலபம்.

இன்ட்ரஸ்ட் இல்லையாம். 2016 ஏப்ரல்ல இந்த ஊர்ல இருந்தீங்களா? பி.எஃப். பணத்துல கம்பெனி போடற பங்கை 58 வயசுக்கு முன்னாடி எடுக்க முடியாதுன்னு மத்திய அரசு ரூல் கொண்டு வந்தாங்க. கார்மென்ட்ஸ்ல யாரு 58 வயசு வரைக்கும் தையல் மெஷின் முன்னாடி உட்கார முடியும்? பொண்ணு கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரி செலவுக்கும் அந்த பணத்தை தான் நம்பி இருக்காங்க. ஏப்ரல் 18, 19 ரெண்டு நாள், பொம்மனஹள்ளி பக்கம் ஓசூர் ரோட்டையும் அந்தாண்ட தும்கூர் ரோட்டையும் ஆயிரக்கணக்குல பொம்பளைங்க இறங்கி மறிச்சாங்க. அதுல எங்க சித்தியும் இருந்தாங்க. டிஃபன் டப்பா பையோட ரோட்ல உட்கார்ந்தேன்னு இன்னைக்கும் சொல்வாங்க. எந்தப் பெரிய தலைவரும் கூப்பிடல, எந்தக் கட்சியும் பஸ் ஏற்பாடு பண்ணல. ரெண்டாவது நாளே அந்த ரூலை அரசாங்கம் வாபஸ் வாங்கிடுச்சு. இந்த ஜனங்களுக்கா அரசியல் தெரியாது? உங்க பேச்சுல அவங்க விஷயம் இல்ல, அதனால அவங்களுக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்ல, அவ்வளவு தான்.

அப்புறம் இந்த தமிழ் ஓட்டு. அல்சூர் ஏரிக்கரைல வள்ளுவர் சிலைக்கு மாலை போட்டு போட்டோ எடுத்துகிட்டா தமிழ் ஓட்டு மொத்தமா விழும்னு ஒரு நம்பிக்கை. அந்த சிலை 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட்ல திறந்தப்ப எங்க ஜனங்க அழுதது உண்மை, அது மனசுல இருக்கற விஷயம், நான் மறுக்கல. ஆனா வாசல்ல வந்து நின்னு "நீங்க எந்த ஊரு, சேலமா தர்மபுரியா"ன்னு கேட்கறீங்களே, அந்தப் பையனோட தாத்தா இந்த ஊர் பழைய துணி மில்லு, பின்னி மில்லுல வேலை பார்த்தவர். அப்பா இங்க பிறந்தார், பையன் கன்னட மீடியம் படிச்சவன், அவனுக்கு தமிழ் பேச வரும், படிக்க வராது. அவனுக்கு நீங்க தமிழ்ல நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தா அதை அம்மாகிட்ட குடுத்துட்டு போயிடுவான். 91லயும் 2016 செப்டம்பர்லயும் காவேரி பிரச்சினைல இந்த ஊர் எப்படி இருந்துச்சுன்னு பெரியவங்களுக்கு தெரியும். அதனால கூட்டத்துல நிக்க வச்சு "நம்ம தமிழர்களே"ன்னு மைக்ல கத்தாதீங்க, பக்கத்து வீட்டு கன்னடக்காரங்களோட நாளைக்கும் ஒரே குழாய்ல அவங்க தான் தண்ணி பிடிக்கணும். வீட்டுக்குள்ள தமிழ்ல பேசுங்க, தெருவுல எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுங்க. ஓட்டுக்காக மட்டும் கத்துகிட்ட நாலு தமிழ் வார்த்தை எங்களுக்கு நல்லாவே தெரியும்.

என்ன பண்ணணும்னு கேட்டா நான் ஒரு சாயங்காலத்தை தான் சொல்வேன். ரெண்டு எலெக்‌ஷனுக்கு முன்னாடி ஒரு வேட்பாளர், கையில காசு கிடையாது, ஆள் கிடையாது. ராத்திரி 7.30க்கு ஒரு மடக்கு டேபிள், ரெண்டு சேர், ஒரு எமர்ஜென்சி லைட், மொபைல் பார்க்கத் தெரிஞ்ச காலேஜ் பசங்க மூணு பேரு, இவ்வளவு தான். சந்து முனைல உட்கார்ந்தோம். முதல்ல ஒரு அக்கா வந்தாங்க, கார்மென்ட்ஸ் வேலை, வாடகை வீடு மாறினதுல ஓட்டு பழைய ஏரியாவுலயே இருக்கு, மாத்தணும்னா ஆபீஸுக்கு அலையணும், ஒரு நாள் லீவு போட்டா அட்டென்டன்ஸ் போனஸ் போயிடும்னு விட்டுட்டாங்க. ஓட்டு முகவரி மாத்தற ஃபார்ம் 8, அங்கயே போன்ல போட்டு முடிச்சோம், பத்து நிமிஷம். அந்த அக்கா போய் என்ன சொன்னாங்களோ தெரியாது, அரை மணி நேரத்துல தெருவே பிளாஸ்டிக் கவர்ல பேப்பரைத் தூக்கிகிட்டு வந்துடுச்சு. ஒருத்தருக்கு ரேஷன் கார்டுல மருமக பேரு சேரல, ஒருத்தருக்கு வயசானவங்க பென்ஷன் நின்னு போச்சு, ஒரு மேஸ்திரிக்கு லேபர் கார்டு, வருஷத்துல 90 நாள் கட்டட வேலை செஞ்சிருந்தா போட்டுக்கலாம்னே அவருக்கு தெரியாது. வேட்பாளர் பேச்சே பேசல, பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொருத்தர் விஷயத்தையும் ஒரு நோட்டுல எழுதினார். முக்கியமானது இது தான், அடுத்த வாரம் அதே கிழமை அதே நேரம் அதே நோட்டோட திரும்ப வந்தார். எது முடிஞ்சது, எது முடியல, ஏன் முடியலன்னு சொன்னார். "இது என்னால ஆகாதும்மா, கோர்ட் கேஸ்ல இருக்கு"ன்னு ஒரு பெரியம்மாகிட்ட நேரா சொன்னார், அந்த பெரியம்மா தான் பிறகு தெரு முழுக்க அவருக்காக பேசினாங்க.

ஓட்டர் ஐடி, ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வச்சுக்காதீங்க, தயவு செஞ்சு. 2022 நவம்பர்ல வீடு வீடா வந்து ஒரு தனியார் அமைப்பு ஓட்டர் விவரம் எடுத்த விவகாரம் எவ்வளவு பெரிசா வெடிச்சதுன்னு தெரியும் இல்ல, அதுக்கப்புறம் பேப்பர் கேட்டாலே ஜனங்க பயப்படறாங்க, பயப்படறது நியாயம். வேலை முடிஞ்சதும் ஒரிஜினலை அவங்க கையிலயே குடுங்க.

ஹக்கு பத்ரா, அதாவது குடியிருக்கற இடத்துக்கு உரிமைப் பத்திரம், வாங்கித் தர்றேன்னு வாய் விடாதீங்க. அந்த இடம் யார் பேர்ல இருக்கு, ஸ்லம் போர்டா, கார்ப்பரேஷனா, தனியார் நிலமான்னு கூட விசாரிக்காம மேடையில சொல்றீங்க, அந்த பாட்டி அந்த வாக்குறுதிய நாலாவது தலைமுறை வேட்பாளர்கிட்ட கேட்கறாங்க. அரசாங்கத்தோட மலிவு விலை இந்திரா கேன்டீன்ல போய் சாப்பிடணுமா, தாராளமா சாப்பிடுங்க, வரிசைல நின்னு, கேமராக்காரனை வெளிய நிறுத்திட்டு. பக்கத்துல சாப்பிடறவங்க ராத்திரி வேலை முடிஞ்சு பசியோட வந்தவங்க, அவங்க வாயில இட்லி வைக்கற போட்டோ உங்க போஸ்டருக்கு வேண்டாம். பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீ ஆனதை இலவசம்னு ஏளனமா பேசாதீங்க. 2023 ஜூன்லேர்ந்து அந்த டிக்கெட் காசு மிச்சமானதுல பசங்க டியூஷன் ஃபீஸ் கட்டற அம்மாங்களை எனக்கு தெரியும்.

வார லோன் கட்டற நாள் எந்தக் கிழமைன்னு விசாரிச்சுட்டு போங்க, அன்னைக்கு மட்டும் போகாதீங்க. கட்ட முடியாதவங்க உள்ளேர்ந்து தாப்பா போட்டுகிட்டு இருப்பாங்க, நீங்க கதவைத் தட்டினா பயந்துடுவாங்க.

போலிங் அன்னைக்கு விஷயம். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல்னா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, 135பி பிரிவு, சம்பளத்தோட லீவு குடுத்தே ஆகணும், தினக்கூலிக்கும் உண்டு. இது எத்தனை பேருக்கு தெரியும்? கார்ப்பரேஷன் தேர்தலுக்கு அரசாங்கம் லீவு ஆர்டர் போட்டதும் அதை ஜெராக்ஸ் எடுத்து செக்யூரிட்டி ஏஜென்சி, கேட்டரிங் கான்ட்ராக்டர், கட்டட மேஸ்திரி எல்லார் கையிலயும் முன்கூட்டியே குடுங்க. உங்களுக்கு ஓட்டு போடாதவங்களுக்கும் சேர்த்து தான் சொல்றேன்.

அந்த வேட்பாளர்கிட்ட இதெல்லாம் அன்னைக்கே நடுத்தெருவுல நின்னு சொல்லிட்டேன், கொஞ்சம் சத்தமாவே. மூணு நாள் போன் வரல. நேத்து வந்துச்சு. வர்ற வியாழக்கிழமை ராத்திரி 7 மணிக்கு அதே சந்துக்குப் போறோம், நாங்க நாலே பேரு, மைக் கிடையாது, தமட்டை கிடையாது. செக்யூரிட்டி அண்ணன் டியூட்டிக்கு 7.45க்கு கிளம்பிடுவாராம், பாட்டிகிட்ட கேட்டு வச்சிருக்கேன். முதல் கதவு அவரோடது.