மைக்ரோவேவ் அடுப்புக்குள் போன் அடித்தால் பயப்பட வேண்டுமா?

அணைத்து வைத்திருக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்குள் போனை வைத்து, கதவை மூடி, வேறு போனிலிருந்து கூப்பிட வேண்டுமாம். மணி அடித்தால் அடுப்பில் கதிர் கசிகிறதாம். மின்காந்தக் கசிவை அளப்பதே என் வேலை என்பதால், தெரிந்தவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல அடுப்பிலும் மணி அடிக்கலாம். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

போனுக்குத் தேவைப்படும் சிக்னல் அவ்வளவு சிறியது. ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலே அதற்குப் போதும். கோபுரத்திலிருந்து வரும் அலையை அடுப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், மிச்சத்தை வைத்துப் போன் சமாளித்துவிடும்.

இன்னொரு காரணம் கதவிலேயே இருக்கிறது. அடுப்பின் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 செ.மீ. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள உலோக வலையின் துளைகளோ ஓரிரு மில்லிமீட்டர்தான். அவற்றின் வழியே இந்த அலை வெளியேற முடியாது. அலைநீளம் மிகச் சிறியதான ஒளி மட்டும் வரும். உண்மையில் சிக்கலான இடம் வலை அல்ல, கதவைச் சுற்றியுள்ள மெல்லிய இடுக்கு. அதை அடைக்கக் கதவின் ஓரத்தில் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 3 செ.மீ., பாதை கொண்ட பள்ளம் ஒன்றை அமைக்கிறார்கள். உள்ளே போய்த் திரும்பும் அலை, கசிய வரும் அலையை இடுக்கிலேயே திருப்பிவிடுகிறது. உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளாமலேயே பூட்டு விழுந்துவிடும்! ஆனால் இது 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டி மட்டுமே சரியாக வேலை செய்யும். 900 அல்லது 1800 மெகாஹெர்ட்ஸில் வரும் அழைப்பு அதைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

பரவலாகப் பின்பற்றப்படும் கசிவு வரம்பு, அடுப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட். தள்ளி நின்றால் அளவு மளமளவென்று இறங்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கதவைத்தான்: கீல் ஆடுகிறதா, கதவு வளைந்திருக்கிறதா, வலை கிழிந்திருக்கிறதா, ஓரத்தில் உணவு காய்ந்து ஒட்டியிருக்கிறதா. அழுக்கைத் துடைத்துவிடலாம். மற்றதில் ஏதாவது இருந்தால் பழுது பார்க்கும் வரை அடுப்பை ஓட்டாதீர்கள்.

சரி, போனின் முதுகில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர்? அலையைக் கட்டுப்படுத்தும் பொருள்கள் உண்டு. உலோகம் திருப்பி அனுப்பும்; இந்த அதிர்வெண்ணில் அலை செம்புக்குள் ஒன்றிரண்டு மைக்ரானுக்குள்ளேயே பெருமளவு தேய்ந்துவிடும். கார்பன் கலந்த நுரையும், ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானும் உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் சோதனை அறைச் சுவர்களே அவற்றால் ஆனவைதான். அலைநீளத்தைவிடச் சிறிய வடிவங்களை அடுக்கிச் செய்யும் மெட்டாமெட்டீரியல்களும் இருக்கின்றன. 2006-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு செம்பு உருளையை மைக்ரோவேவ் அலையிடமிருந்து ஓரளவு மறைத்துக் காட்டியது அப்படித்தான். அதுவும் 8.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் மட்டும்.

காசு அளவு ஸ்டிக்கர் இதில் எதையும் செய்யாது. அலை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஒருவேளை சிக்னலை நிஜமாகவே தடுத்தால், போன் தொடர்பைக் காப்பாற்றத் தன் அனுப்பும் சக்தியைக் கூட்டிக்கொள்ளும்! தலைக்கு அருகில் அலையைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசலாம். சிக்னல் மோசமாக உள்ள இடத்தில் நீளமாகப் பேசுவதைத் தவிர்க்கலாம். இரண்டுக்கும் செலவில்லை.