கைபேசியில் எழுதிவைத்த பாதுகாப்புத் திட்டம் எப்போது கைகொடுக்கும்?

நெருக்கடி முற்றும்போது முதலில் போவது யோசிக்கும் திறன்தான். யாரைக் கூப்பிடலாம், எதைச் செய்தால் இந்த இரவு கழியும் என்பதெல்லாம் அப்போது தோன்றாது. ஆனால் தற்கொலை எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை, ஏறி இறங்கிவிடும். அந்த இடைவெளியைக் கடப்பதற்கான பதில்களை மனம் தெளிவாக இருக்கும் நாளிலேயே எழுதிவைப்பதுதான் பாதுகாப்புத் திட்டம். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் ஆகிய இரு உளவியலாளர்கள் வடிவமைத்தது.

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இது சோதிக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், திட்டம் எழுதியவர்களிடம் அடுத்த 6 மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தை சுமார் 45 சதவீதம் குறைவு என்று 2018-இல் முடிவு வெளியானது. இதைச் சொல்லும்போது பலர் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. வீடு திரும்பியவரை 72 மணி நேரத்துக்குள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதும் அந்தச் சிகிச்சையின் பகுதி. கைபேசிச் செயலியில் திட்டம் இருக்கும். அந்தக் குரல் இருக்காது.

திட்டத்துக்கு ஆறு படிகள். எச்சரிக்கை அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, கவனத்தைத் திருப்பும் மனிதர்களும் இடங்களும், மனம்விட்டு உதவி கேட்கத்தக்கவர்கள், மருத்துவர்களும் நெருக்கடி உதவி எண்களும், கடைசியாகச் சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குதல், அதாவது உயிருக்கு ஆபத்தான பொருள்களைக் கைக்கு எட்டாமல் வைப்பது. முதல் படியில் ‘மனசு சரியில்லை’ என்று எழுதினால் பயனில்லை. அது எல்லா நாளும் உண்மைதான். ‘இரவு 2 மணிக்கு எழுந்து கதவுப் பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்’ என்பது அறிகுறி. மூன்றாம் படியையும் நான்காம் படியையும் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கமான பிழை. மூன்றாவதில் இருப்பவரிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை, சேர்ந்து தேநீர் குடித்தால் போதும். நான்காவதில் இருப்பவருக்கோ தன் பெயர் அங்கே இருப்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாவது படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெரும்பாலான செயலித் திட்டங்களில் அந்தக் கட்டம் ‘கவனமாக இருப்பேன்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் தற்கொலையால் இறந்த முன்னாள் படைவீரர்களில் 10 பேரில் 7 பேருக்கு மேல் துப்பாக்கியால் இறந்தவர்கள். ஆயுதம் அவர்களுக்குப் பழகிய பொருள், பலருக்குத் தன் அடையாளத்தின் பகுதி. ‘அதைத் தூக்கிக் கொடுத்துவிடுங்கள்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். எங்கே பூட்டுவது, தோட்டாக்களை வேறு எந்த இடத்தில் வைப்பது, சாவி யாரிடம், எத்தனை நாளுக்கு என்று கேட்டால் பதில் வரும். துப்பாக்கியைப் பூட்டும் கம்பிகளை நலத்துறையே இலவசமாகத் தருகிறது. நண்பரிடம் தற்காலிகமாக ஒப்படைப்பதானால் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், விசாரித்துக்கொள்ள வேண்டும். முடிவான ஏற்பாட்டைப் பெயரோடும் தேதியோடும் செயலியில் பதிய வேண்டும்.

துணைக்கு வேறு செயலிகளும் உண்டு. பி.டி.எஸ்.டி. எனப்படும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் கோளாறு உள்ளவர்களுக்காக 2011-இல் வந்த பி.டி.எஸ்.டி. கோச் இலவசம், கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். வெர்ச்சுவல் ஹோப் பாக்ஸ், வாழக் காரணமான படங்களையும் குரல்களையும் ஒரு பெட்டியில் சேர்த்துவைக்கும் பழைய சிகிச்சை முறையின் கைபேசி வடிவம். 118 முன்னாள் படைவீரர்களிடம் அதைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், கசப்பான உணர்ச்சிகளைச் சமாளிக்கும் நம்பிக்கை கூடியது; தற்கொலை எண்ணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதைக் குறையாக நான் எண்ணவில்லை. சமாளிப்பதற்கு உதவினாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது. அதனிடம் சிகிச்சையை எதிர்பார்ப்பதுதான் தவறு.

ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. மன உளைச்சலுக்கு 10-க்கு 9 என்று செயலியில் போட்டுவிட்டு, மருத்துவமனையில் யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று காத்திருப்பது. பி.டி.எஸ்.டி. கோச்சில் போடும் மதிப்பெண் அந்தக் கைபேசியிலேயேதான் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. செயலியை ஒருவருக்கு அறிமுகப்படுத்தும் நாளிலேயே இதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். 9 என்றால் அடுத்த செயல் அழைப்புதான்: அமெரிக்காவில் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர் நெருக்கடி உதவி எண்; பேச வாய் வராவிட்டால் 838255-க்குக் குறுஞ்செய்தி. நலத்துறையில் பதிவு செய்யாதவர்களும் அழைக்கலாம். பிற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நாட்டு உதவி எண்ணை அந்த இடத்தில் முன்பே பதிந்துவைக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒத்திகை அவசியம். கைபேசியைத் திட்டம் எழுதியவர் கையிலேயே கொடுத்து, பூட்டிய திரையிலிருந்து திட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தட்டல்களுக்கு மேல் ஆனால் செயலியை முகப்புத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். இணையத்தை அணைத்துவிட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். நான்காம் படியில் உள்ள எண்களை அப்போதே அழைத்துப் பார்த்தால், எண் மாற்றியவர்கள் தெரிந்துவிடுவார்கள்.

கைபேசி மாற்றும்போது திட்டம் தானாகக் கூட வராமல் போகலாம். அதனால் தாளில் ஒரு பிரதி பணப்பையிலும், இன்னொன்று துப்பாக்கிப் பூட்டின் சாவி வைத்திருப்பவரிடமும்.