புகை தெரிகிறது, தீ எங்கே?

"என் மகன் போன கோடையில் அமெரிக்காவில் டெசலேஷன் சிகரம் ஏறினான். உச்சியில், காட்டுத்தீயைக் கவனிக்க, நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு மரக் குடில். நடுவில் வட்டமான இரும்புத் தட்டு, அதில் துப்பாக்கியில் இருப்பதுபோல் குறி. ஜன்னல் கட்டை மறைக்கிறது என்று காவலர் அந்தத் தட்டையே பக்கவாட்டில் தள்ளிவிட்டுக் குறி பார்த்தாராம். தள்ளினால் குறி தப்பிவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டெசலேஷன், வாஷிங்டன் மாநிலத்தின் வட எல்லையில் இருக்கிறது. ராஸ் ஏரியில் படகில் போய் இறங்கினால், அங்கிருந்து 1,300 மீட்டருக்கு மேல் விடாத ஏற்றம். 1926-இல் அந்தச் சரிவுகளைக் காட்டுத்தீ பாழாக்கியது. டெசலேஷன் என்றால் பாழ்; பெயரே அப்படித்தான் வந்தது. குடில் 1932-இல் கட்டியது. எழுத்தாளர் ஜாக் கெரோவாக் 1956 கோடையில் 63 நாள் இங்கே தனியாகத் தீக்காவல் இருந்தார்.

இப்படி மலைக்கு மலை குடில் கட்டும் வேகம் 1910-க்குப் பிறகு வந்தது. அந்த ஆகஸ்டில் இரண்டே நாளில் ஐடஹோ, மான்டானா பக்கம் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்து, 80 பேருக்கு மேல் இறந்தார்கள். சின்னப் புகையாக இருக்கும்போதே பிடித்தாக வேண்டும் என்று புரிந்தது. அதற்கென வனத்துறை ஊழியர் வில்லியம் ஆஸ்போர்ன் உருவாக்கியதுதான் அந்தத் தட்டு: ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர்.

தட்டின் மேல் சுற்றுவட்டார வரைபடம். குடில் இருக்கும் இடம் சரியாக மையத்தில். விளிம்பில் 0 முதல் 360 வரை பாகைகள். அதைச் சுற்றித் திரும்பும் வளையத்தில் ஒரு பக்கம் மெல்லிய கீற்றுத் துளை, எதிர்ப்பக்கம் செங்குத்தாகக் கட்டிய ஒரு குதிரைமுடி. துளையில் கண்ணை வைத்து, முடி புகையின் அடியை வெட்டும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். அடியைத்தான் பார்க்க வேண்டும், நுனியைக் காற்று எங்கேயோ தள்ளியிருக்கும். அப்புறம் பாகையைப் படிக்கலாம். பின்னத்தைப் படிக்க, பள்ளி ஆய்வகத்தில் நாம் பிடித்த அதே வெர்னியர் அளவுகோல்.

சரி, தள்ளினால் என்ன ஆகும்? இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனதை நினைத்துப் பாருங்கள். விளக்குக் கம்பங்கள் பின்னால் ஓடும். நிலா மட்டும் கூடவே வரும். நாம் நகர்கிற தூரம் கம்பத்துக்குப் பெரிது, நிலாவுக்கு ஒன்றுமே இல்லை. குடிலிலும் அதேதான். தட்டு உட்கார்ந்திருப்பது இரண்டு தண்டவாளங்களின் மேல். 15 சென்டிமீட்டர் தள்ளினால், கைக்கெட்டும் ஜன்னல் கட்டை பார்வையை விட்டு முழுசாக விலகிவிடும். 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புகையின் திசையோ ஒரு பாகையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது. ஆனால் தள்ளும்போது தட்டு திரும்பிவிடக் கூடாது. ஒரே ஒரு பாகை திரும்பினாலும் 20 கிலோமீட்டரில் 350 மீட்டர் தவறிப்போகும், அதாவது அடுத்த பள்ளத்தாக்கில் ஆட்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். தண்டவாளம் எதற்கு என்றால் இதற்குத்தான்: நகரவிடும், திரும்பவிடாது. எத்தனை தடவை யோசித்தாலும் இந்த எளிமை எனக்குத் தெவிட்டுவதில்லை.

நகர்ந்தும் திசை மாறவில்லை என்பது இன்னொன்றையும் சொல்கிறது: ஒரே குடிலில் இருந்துகொண்டு தூரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கிடைப்பது ஒரு கோடு. தீ அதில் எங்கேயும் இருக்கலாம். எந்த மலைமுகட்டுக்குப் பின்னால் புகை எழுகிறது என்று பழகிய கண் ஊகிக்கும், அவ்வளவுதான். தூரம் வேண்டுமென்றால் 15 சென்டிமீட்டர் போதாது, 15 கிலோமீட்டர் நகர வேண்டும். இன்னொரு மலையில் இன்னொரு காவலர் அதே புகையைப் பார்த்து, தன் பாகையைத் தொலைபேசியில் சொல்வார். கீழே அலுவலகத்தில் பெரிய வரைபடத்தில் இரண்டு குடில்களிலிருந்தும் நூலை இழுப்பார்கள். நூல்கள் வெட்டும் புள்ளியில் தீ. செங்கோணத்துக்குப் பக்கமாக வெட்டினால் இடம் துல்லியம். சாய்ந்து உரசினால் புள்ளி நீண்ட இழையாகிவிடும். 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியதும் இதே முக்கோணக் கணக்கில்தான். நம் பிள்ளைகள் கையில் கோணமானி இருக்கிறது; ஒரு மொட்டைமாடியில் ஏற்றி ஊரை அளக்க விட மாட்டேன் என்கிறோம். அதற்கு என்ன பெரிய செலவு?

மின்னல் நாள்தான் காவலருக்கு முக்கியமான நாள். மின்சாரம் பாயாதபடி கால்களில் கண்ணாடி மாட்டிய முக்காலியின் மேல் நின்று, எங்கெங்கே இறங்குகிறது என்று குறிப்பார்கள். குடிலைச் சுற்றித் தாமிரக் கம்பி மண்ணுக்குள் போகும். நம் ஊரில் இடி இடித்தால் அர்ச்சுனன் பேரைச் சொல்லிக்கொண்டு மரத்தடியில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பேரைச் சொல்லுங்கள், ஆனால் வீட்டுக்குள் வந்து சொல்லுங்கள்.

இன்று பல மலைகளில் கேமராக்கள் வந்துவிட்டன. அங்கேயும் இரண்டு கேமராக்களின் கோடுகள் வெட்டினால்தான் இடம் தெரியும். கேமராவுக்கு ஒதுக்குவதில் சிறு பங்கையாவது பழைய குடில்களைக் காக்க ஒதுக்க வேண்டும் என்பேன்.

உங்கள் மகன் மறுபடி போனால், காவலரிடம் கேட்டுக்கொண்டு துளை வழியே வடக்கே ஹோசமீன் மலையின் ஒரு முனையைப் பிடிக்கட்டும். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு மறுபடி பார்க்கட்டும். குதிரைமுடி அதே முனையில்தான் நிற்கும்.